தூக்கிக் குடிக்கும் தேசம்

அறுபதுகளின் நடுவில் கம்பெனி என்னை ஆறு மாதப் பயிற்சிக்கு ஜெர்மனிக்கு அனுப்பியது. பம்பாய் மாட்டுங்காவில் எங்கள் எதிர் பிளாட் மாமா, முலுண்டுக்கு அப்பால் ரயிலேறாதவர், ஐரோப்பா முழுவதையும் எனக்குப் பாடம் எடுத்தார்.

"ஜெர்மன்காரன் கெடியாரம்டா. நிமிஷம் தப்ப மாட்டான், சிரிக்கவும் மாட்டான். இத்தாலிக்காரன் வாயைத் திறந்தா மூட மாட்டான். ஜாக்ரதை."

போய்ப் பார்த்தால், என் ஃபோர்மேன் தினமும் தாமதமாக வந்தார். பக்கத்து மெஷின் இத்தாலிக்காரன் பேசி நான் கேட்டதே இல்லை. மாமாவின் பாடத்துக்கு ஒத்துப்போனது எனக்கு அறை வாடகைக்கு விட்ட அம்மாள் மட்டும்தான். மருந்துக்கும் சிரிப்பு கிடையாது. ஆனால் அந்தப் பனிக்காலத்தில் என் கறுப்பு முகத்துக்கு வேறு யாரும் அறை தரவில்லை. அந்த அம்மாளின் முகம் கோணாமல் பார்த்துக்கொள்வதுதான் என் பெரிய கவலை.

முதல் வாரமே கோணிவிட்டது. எங்கள் வீட்டு வழக்கப்படி நான் தண்ணீரை, காப்பியைக்கூட, உதட்டில் படாமல் தூக்கிக் குடித்தேன். அவள் கோப்பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மறுபடி கழுவினாள். மறுநாள் வெந்நீரில் கழுவினாள். அப்புறம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னாள்: "என் பாத்திரம் அழுக்கென்றால் நீங்கள் வேறு அறை பார்த்துக்கொள்ளலாம்."

எச்சிலை அவளுக்கு எப்படி விளக்குவது? என் வாய் பட்டதில் அடுத்தவர் குடிக்கக்கூடாது, இது உங்களுக்குச் செய்யும் மரியாதை என்று கையாலும் வாயாலும் சொல்லித் தீர்த்தேன். நம்பாமல் கேட்டவள், ஒரு தம்ளரை எடுத்துத் தானும் தூக்கிக் குடித்தாள். தண்ணீர் மூக்கில் ஏறி, சட்டையெல்லாம் நனைந்தது. தொலைந்தோம் என்று நின்றேன். அவள் சிரித்தாள், மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை. அறை தப்பியது. அந்த அம்மாளை எனக்கு ரொம்பவும் பிடித்துப்போயிற்று.

ஊர் திரும்பியதும் மாமாவிடம் சொன்னேன். அவர் அசையவில்லை. "சிரிச்சாளா? அப்போ அவ ஜெர்மன்காரியே இல்லை. நன்னா விசாரிச்சியோ?"

மாமாவின் இந்தக் கதையை ஆபீஸ் முழுக்கச் சொல்லிச் சிரித்தேன்.

எனக்குப் பின் பயிற்சிக்குப் போனவர் உல்லாஸ்நகர் சிந்திக்காரர். அதே அறையைத்தான் அவருக்குச் சொல்லியனுப்பினேன். திரும்பி வந்தவர், நேராக என் மேஜைக்கு வந்து பம்பாய் ஹிந்தியில் பொரிந்து தள்ளினார்.

"அரே, என்ன பண்ணி வெச்சிருக்கே அங்கே? போனதும் தண்ணி குடுத்தா, வாய் வெச்சுக் குடிச்சேன். 'நீ இந்தியனே இல்லை, எனக்கு இந்தியர்களைத் தெரியும்'னு கதவைக் காட்டிட்டா! அவ முன்னாடி தூக்கிக் குடிச்சுக் காட்டின அப்புறம்தான் அறை கிடைச்சது. புது டை போச்சு!"

அதற்குப் பிறகு மாமாவின் கதையைச் சொல்லி என்னால் சிரிக்க முடியவில்லை. அந்த அம்மாள் கணக்கில் ஒரு தேசம் முழுவதையும் நான் ஒருவனாகத் தூக்கிக் குடிக்க வைத்துவிட்டு வந்திருந்தேன்.