உடுக்கை நிற்காத மடிக்கணினி

கணினி பழுது பார்க்கிறவனிடம் வருகிற எல்லோரும் "நான் ஒண்ணுமே பண்ணலை, அதுவா இப்படி ஆயிட்டு" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். நானும் அதை நம்பிவிட்டவனைப் போலத்தான் முகத்தை வைத்துக்கொள்வேன். உறைந்த திரைக்கு முன்னால் உட்கார்ந்து, சுட்டியை மேசையில் தேய்த்துத் தேய்த்து நொந்துபோனவர்கள் இதைப் படிக்கிறவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். நீங்கள் பட்ட பாட்டை நானும் பட்டவன்தான். என்ன, நீங்கள் சொந்தப் பெட்டியோடு பட்டீர்கள், நான் ஊரார் பெட்டிகளோடெல்லாம் பட்டேன்.

தமிழில் முதுகலை படித்த நான் பாளையங்கோட்டையில் ஒரு மாடியறையில் கணினி பழுது பார்க்க உட்கார்ந்தது எப்படி என்பது தனிக்கதை. அதில் சிரிக்க எதுவும் இல்லை, விட்டுவிடலாம். காலம் தொண்ணூறுகளின் கடைசி. பெட்டிகளை இயக்கும் மென்பொருளில் தொண்ணூற்றைந்து போய்த் தொண்ணூற்றெட்டு வந்திருந்தது. புதியதை ஏற்றிக்கொண்ட பழைய பெட்டிகள் ஒவ்வொன்றாக நொண்டிக்கொண்டு என் மாடிப்படி ஏறின. அவற்றில் செல்லத்துரையின் பெட்டியை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

தொண்ணூற்றெட்டு

செல்லத்துரைக்குப் பேட்டையில் கடை. கோவில் கொடைத் திருவிழாக்களுக்கு நோட்டீஸ் தயாரித்துக் கொடுப்பது தொழில். துபாயிலிருந்து அவருடைய அத்தான் கொண்டுவந்த மடிக்கணினியை மொபெட்டில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். கோவில் வாசலிலேயே உட்கார்ந்து, ஊரார் கண் முன்னால் நோட்டீஸை அமைத்து, எல்லோரும் தலையாட்டிய பிறகு அச்சகத்துக்குக் கொண்டுபோவார். அந்த வட்டாரத்தில் வேறு யாரும் செய்யாத வித்தை அது. விடுமுறைக்கு வந்த அத்தான், போகிற போக்கில் பெட்டியில் தொண்ணூற்றெட்டை ஏற்றிவிட்டு விமானமும் ஏறிவிட்டார்.

என் கடைக்குத் தொலைபேசி கிடையாது. கீழே ஆறுமுகம் அண்ணாச்சியின் எஸ்.டி.டி. பூத்துக்குத்தான் எனக்கு வரும் அழைப்புகள் வரும். அவர் விவரத்தைக் கேட்டுக்கொண்டு மாடியைப் பார்த்துக் கத்துவார். அன்று நான் பூத்திலேயே நின்றிருந்தேன். ரிசீவரில் செல்லத்துரை பேசியது வெளியே கேட்டது. "மாடியில இருக்கவங்கட்ட சொல்லுங்க அண்ணாச்சி, படுத்துட்டு! எவ்வளவு தட்டியும் அசைய மாட்டேங்கு. தொண்ணூத்தஞ்சுல இருந்தவரை நல்லாத்தான் இருந்துச்சு. தொண்ணூத்தெட்டு ஆனதும் அடிவயிறெல்லாம் கொதிக்கி!" நான் கையை நீட்டி ரிசீவரைக் கேட்டேன். ஆறுமுகம் அண்ணாச்சி தரவில்லை. அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"தொண்ணூத்தஞ்சுல நல்லா இருந்துச்சா? அப்பதான்வே நீரு பதறியிருக்கணும்! தொண்ணூத்தெட்டெல்லாம் ஒரு காய்ச்சலா? சுக்குத் தட்டிப் போட்டுக் கருப்பட்டிக் காப்பி குடும், எந்திரிச்சிரும்."

மடி

கடை வாசலில் 'மடிக்கணினி பழுது பார்க்கப்படும்' என்று பலகை எழுதி வைத்திருந்தேன். அந்தச் சொல்லில் எனக்குத் தனிப் பெருமை. மடியில் வைத்துக்கொள்வதாலும் மடிக்கணினி, மடிப்பதாலும் மடிக்கணினி. ஒரு சொல்லுக்கு இரண்டு நியாயம். செல்லத்துரை பெட்டியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து இறக்கியபோது, ரசீது எழுதுவதை நிறுத்திவிட்டு இதை அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்று சொல்ல முடியாது.

அப்போது பிரிண்டருக்கு நாடா வாங்க ஒருவர் வந்தார். கல்லிடைக்குறிச்சிக்காரர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடைசிப் படியில் நின்று பலகையைப் படித்தார். செருப்பைக் கழற்றினார். மறுபடியும் படித்தார். நான் மறந்துபோன மூன்றாவது பொருளை எனக்கு நினைவூட்டியவர் அவர்தான்.

"மடின்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கேளே, நான் பஸ்ல அத்தனை பேர் மேலயும் இடிச்சுண்டு, ஆசாரம் கெட்டு வந்திருக்கேன். உள்ள வரலாமா, இல்லே நாடாவை அங்கேருந்தே தூக்கிப் போட்டுடறேளா?"

உடுக்கை

செல்லத்துரையிடம் நோயின் குறிகளைக் கேட்டேன். "உடுக்கை வருது அண்ணாச்சி, போக மாட்டேங்கு" என்றார். பெட்டியை இயக்கிப் பார்த்த பிறகுதான் விளங்கியது. வேலை நடக்கிறது, பொறுத்திரு என்று சொல்வதற்காகத் திரையில் உள்ள அம்புக்குறி மணற்கடிகையாக மாறும். இரண்டு முனையும் பருத்து இடை சிறுத்த உருவம். அதை வரைந்தவன் மணல் விழுவதை நினைத்து வரைந்திருப்பான். சுடலைமாடன் கொடையில் பிறந்து வளர்ந்த செல்லத்துரைக்கு அது உடுக்கை.

நான் திருத்தினேன். அது மணற்கடிகை, மேற்கே இருந்து வந்தது. நம்மவர்கள் வைத்திருந்தது நீரால் இயங்கும் நாழிகை வட்டில். ஆகவே இரண்டில் எதைச் சொன்னாலும் உடுக்கை என்று மட்டும் சொல்லக்கூடாது என்று விரிவாகவே சொன்னேன். நான் பேசி முடித்தபோதும் பெட்டி திறந்து முடிக்கவில்லை. செல்லத்துரை பொறுமை இழந்துவிட்டார். சீவலப்பேரி தாண்டி ஒரு ஊரில் கொடை. வெள்ளிக்கிழமை பந்தல்கால் நாட்டுகிறார்கள். கால் நாட்டும்போது நோட்டீஸ் சுவரில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஊர் அவர் கையை விட்டுப் போகும். அந்த ஊர் போனால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர்கள் எல்லாம் போகும்.

"மணலோ தண்ணியோ, அது உங்க பாடு. உடுக்கை அடிச்சா சாமி வரணும். இது மூணு நாளா அடிச்சிக்கிட்டே இருக்கு, சாமி வர மாட்டேங்கே அண்ணாச்சி!"

ஊருக்கு ஓர் எழுத்து

நோய் எளிதாகவே பிடிபட்டது. செல்லத்துரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ் எழுத்துருக்களைச் சேர்த்து வைத்திருந்தார். பெட்டி விழிக்கும்போதே அத்தனையையும் ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டது. பழைய தொண்ணூற்றைந்து அதை எப்படியோ சமாளித்தது. தொண்ணூற்றெட்டுக்குத் தன் உடம்பைத் தூக்கவே நினைவகம் போதவில்லை. இந்தக் கூட்டத்தையும் சுமக்கச் சொன்னால் என்ன செய்யும்? இருந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டது. கூடுதல் நினைவகத்துக்கு மதுரைக்குச் சொல்லிவிட்டேன். அது வெள்ளிக்கு முன் வராது. அதுவரை எழுத்துருக்களைக் குறைப்பது ஒன்றே வழி.

ஒவ்வொன்றாகத் திரையில் காட்டினேன். பாதிக்கு மேல் ஒரே எழுத்துரு. 'அ'வின் வால் மட்டும் அங்கங்கே கொஞ்சம் நீண்டிருந்தது. "இதுக்கும் இதுக்கும் என்ன வே வித்தியாசம்?" என்று கேட்டேன். செல்லத்துரைக்கு என் படிப்பின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. அழிக்கக் கூடாது என்று என் கையைப் பிடித்தார். நான் கெஞ்சிக் கூத்தாடி, வட்டுகளில் நகல் எடுத்து வைத்த பிறகுதான் பாதியை நீக்க விட்டார். ஒரே நேரத்தில் நிறைய வேலை கொடுத்தால் மறுபடியும் நின்றுவிடும் என்று எச்சரித்தேன்.

"இது மேலூர்க்காரனுக்குப் போட்ட எழுத்து, அது கீழூர்க்காரனுக்குப் போட்ட எழுத்து. ஒருத்தன் 'அ'வை இன்னொருத்தனுக்குப் போட்டா, கொடைக்குப் பொங்கல் வைக்க மாட்டான் அண்ணாச்சி, எனக்குத்தான் வைப்பான்."

முதல் பெயர்

வியாழக்கிழமை மதியம், வழியில் நின்றால் தள்ளுவதற்கு ஆள் வேண்டும் என்று என்னையும் மொபெட்டில் ஏற்றிக்கொண்டார். பெட்டியைத் தள்ளுவதற்கா வண்டியைத் தள்ளுவதற்கா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பெட்டி என் மடியில் இருந்தது. வழி நெடுகக் குழி. சொல்லின் முதல் பொருளை அன்று உடம்பால் உணர்ந்தேன்.

கோவில் வாசலில் ஊரே கூடியிருந்தது. நோட்டீஸில் எல்லாம் சரி, ஒன்றே ஒன்றைத் தவிர: யார் பெயர் முதலில்? சங்கரபாண்டியும் ராமையாவும் அந்த ஊரின் இரண்டு பெரிய கைகள், மாமன் மச்சான் உறவு. ஆகையால் சண்டை மரியாதையாகவே நடந்தது. சங்கரபாண்டி பெயர் மேலே போனால் ராமையா துண்டை உதறித் தோளில் போடுவார்; செல்லத்துரை மாற்றுவார். ராமையா பெயர் மேலே போனால் சங்கரபாண்டி செருப்பைத் தேடுவார். செல்லத்துரை மறுபடியும் மாற்றுவார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அச்சகம் மூடுவதற்குள் திரும்ப வேண்டும். செல்லத்துரையின் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிவிட்டது. கடைசியில் பொறுக்கமாட்டாமல், "ஒதுங்குங்க! எல்லாரையும் மொத்தமா வெட்டுதேன். பிறகு ஒவ்வொருத்தரா ஒட்ட வைக்கேன்" என்று கத்தினார். கணினியின் கட்டளைகளைத்தான் சொன்னார். ஆனாலும் முன்வரிசையில் நின்றவர்கள் இரண்டடி பின்னால் போனார்கள்.

வெட்டினார். பெயர்கள் எல்லாம் மறைந்தன. உடுக்கை வந்தது. போகவில்லை. திரையில் மேலே சாமி பெயர், கொடை நாள். கீழே கடைசி வரியில் 'ஒலி, ஒளி அமைப்பு: ராசு'. நடுவில் வெள்ளை வெளேர். நான் பெட்டியை அணைக்கக் கையை நீட்டினேன். "கையை எடும்வே!" என்று ஒரு குரல். மாடசாமி. கொடையன்று சாமி வந்து ஆடுகிற கோமரத்தாடி அவர்தான். முன்னால் வந்து குனிந்து பார்த்தார். "இது என்னது, உடுக்கைதானே?" என்று கேட்டார். செல்லத்துரை என்னைப் பார்த்தார். மணற்கடிகை என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்தது. தமிழுக்கு நான் செய்த ஒரே துரோகம் அப்போது நடந்தது. "உடுக்கைதான்" என்றேன்.

"உடுக்கை அடிக்கையில எவனும் குறுக்கப் பேசப்பிடாது. சாமி தன் பேரை வச்சிக்கிட்டாரு, மைக் செட்டுக்காரன் பேரை வச்சிக்கிட்டாரு. மத்த எவன் பேரும் வேண்டாம்ங்காரு" என்றார் மாடசாமி. சங்கரபாண்டி பைய வந்து திரையை எட்டிப் பார்த்தார். "ராமையா பேரு எங்கனயும் இல்லைல்லா? அப்ப சரி, நான் விட்டுக் குடுக்கேன்." ராமையாவும் எட்டிப் பார்த்தார். "மச்சான் பேரு இல்லைல்லா? எனக்கும் சம்மதம்." பெட்டியை அணைத்து, திரும்ப இயக்கி, பெயர்களை நீக்கி, 'இப்படிக்கு ஊர்ப் பொதுமக்கள்' என்று சேர்த்து முடித்தோம். செல்லத்துரை மொபெட்டை உதைத்துக் கிளப்பும்போது மைக் செட்டு ராசு ஓடிவந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"சாமியே வச்ச பேரு அண்ணாச்சி, இம்புட்டுப் பொடியா இருக்கே. கொஞ்சம் பெருசாப் போட்டுத் தரப்பிடாதா?"

குறை

வெள்ளிக்கிழமை கால் நாட்டும்போது நோட்டீஸ் சுவரில் இருந்தது. ராசுவின் பெயர் சாமி பெயருக்கு அடுத்தபடியான பருமனில் இருந்தது. மதுரையிலிருந்து நினைவகம் வந்ததும் செல்லத்துரையின் பெட்டியில் பொருத்தினேன். தொட்டால் திறந்தது, தட்டினால் எழுதியது. மணற்கடிகை வந்தால் கண்ணுக்குத் தெரிவதற்குள் போய்விட்டது. என் வேலையில் எனக்கே கர்வம் வந்த நாட்களில் அதுவும் ஒன்று.

சில வாரங்களில் அதே துண்டில் அதே பெட்டியைச் சுற்றிக்கொண்டு செல்லத்துரை படியேறினார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. மறுபடியும் உறைகிறதா என்று பதறிப்போய்க் கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு நாற்காலியில் விழுந்தார்.

"அன்னைக்கு வச்சதைக் கழட்டிருங்க அண்ணாச்சி. மாத்துன்னா கண்ணுமூடித் திறக்கதுக்குள்ள மாறிருது. இவ்வளவு லேசான்னு ஊருல ஒருத்தன் விடாம மாத்தச் சொல்லுதான். நேத்து ஒரு ஊர்ல நாலு மணி நேரம் மாத்துனேன், பாவிப் பெட்டி ஒரு தடவைகூட நிக்கலை. போறாததுக்கு, உடுக்கை வராத பெட்டியில சாமி எப்படிவே வருவாருன்னு கேக்கானுவ!"

நினைவகத்தைக் கழற்ற மனம் வராமல், அதற்குப் பதிலாகப் பழைய எழுத்துருக்கள் அத்தனையையும் திரும்ப ஏற்றிக் கொடுக்கச் சம்மதித்து, ரசீதில் 'குறை' என்ற இடத்தில் 'வேகமாக ஓடுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட கணினிப் பழுதுக்காரன் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.