வலேட்டாவில் ஒரு டின் புளியோதரை

உங்களை வறுத்தெடுத்த ஒருவன் பசியில் நெளிவதைப் பக்கத்தில் உட்கார்ந்து ரசித்திருக்கிறீர்களா? நான் ரசித்திருக்கிறேன். மால்டா என்கிற குட்டித் தீவு நாட்டின் தலைநகரான வலேட்டாவில், போன ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வெள்ளிக்கிழமை.

அவன் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் எங்கள் மாணவர் விடுதியின் மூன்றாம் மாடித் தலைவன். என் பெருங்காய வாசனை அவனுடைய கோட்டில் ஏறிவிட்டதாம். நான் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஒரு மாலை பார்த்து மாடிக் கூட்டத்தைக் கூட்டி, தீர்மானம் போட்டு, கை தூக்கச் சொல்லி, சமையலறைச் சாவியை என்னிடமிருந்து பிடுங்கிவிட்டான். இங்கே மாணவர்கள் குப்பைத்தொட்டியை நகர்த்தவும் கூட்டம் போட்டுக் கை தூக்குகிற ஜாதி. நான் சண்டைக்குப் போனபோது, "ஓட்டு ஓட்டுதான்" என்று தோளைக் குலுக்கினான். குளிர்காலம் முழுக்க கேன்டீனில் வெந்த உருளைக்கிழங்கு. ஒவ்வொரு கிழங்கையும் அவன் மூஞ்சியாக நினைத்துத்தான் முள்கரண்டியால் குத்தினேன்.

ஈஸ்டர் விடுமுறையில் மாடியே சிசிலிக்கு ரயில் ஏறியது. அங்கிருந்து இரவுக் கப்பலில் வலேட்டா, பகல் முழுக்கச் சுற்றல், மாலையில் திரும்புகிற கப்பல். ஏற்பாடெல்லாம் அவன்தான். "பிரிட்டிஷ்காரன் ஆண்ட துறைமுகம், சாப்பாட்டுக்கடைக்கா பஞ்சம்? யாரும் எதுவும் கட்டிக்கொண்டு வரவேண்டாம்" என்றவன், என்னைப் பார்த்து, "முக்கியமா நீ" என்றான்.

கட்டினேன். எங்கள் பல்கலைக்கழகத்திலேயே படிக்கும் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் வெளியே அறை எடுத்திருந்தார். அவரும் எங்களோடு வருவதாக இருந்தது. அவருடைய அடுப்பில் பெருங்காயத்தை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு போட்டுப் புளிக்காய்ச்சல் காய்ச்சி, சோற்றைக் கிளறி, பெரிய பிஸ்கட் டின்னில் அமுக்கினோம். புளியோதரைக்கு மூன்று நாள் ஒரு பொருட்டே இல்லை.

வலேட்டாவில் இறங்கினால் ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருந்தது. பெரிய வெள்ளி, துக்க நாள். மாதா கோயில் மணிகூட அடிக்கவில்லை. மஞ்சள் கல் கட்டடங்கள், தெருவுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த மரப் பலகணிகள், தெருவின் முடிவிலெல்லாம் கடல். பார்க்க அத்தனை அழகு, தின்னத்தான் ஒன்றும் இல்லை. ஒரே ஒரு ஹோட்டலின் கதவு திறந்திருந்தது. தங்கியிருப்பவர்களுக்கு மட்டும் என்று துரத்திவிட்டார்கள். கையிலிருந்த ரொட்டியைப் பயல்கள் கப்பலிலேயே முடித்திருந்தார்கள். மதியம் தாண்டியதும் எல்லோரும் துறைமுகத்தைப் பார்த்த படிக்கட்டில் சரிந்தோம். தலைவன் கையிலிருந்த வரைபடத்தை மடித்தான், விரித்தான், மறுபடி மடித்தான். எல்லோரும் அவனைத்தான் முறைத்தார்கள்.

அப்போதுதான் டின்னைத் திறந்தேன். காற்று அவன் பக்கம் வீசும்படி இடம் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தேன். அவன் வரைபடத்தை விட்டுவிட்டு டின் பக்கம் திரும்பினான்.

ஒரு வாய் போட்டேன். கண்ணை மூடி மென்றேன். பார்த்தால், அண்ணை டின்னைத் தூக்கி அவனிடமே நீட்டுகிறார்! "சாப்பிடுங்கோ" என்று தமிழில் வேறு.

"அண்ணே! என்ன பண்றீங்க? என் ப்ளானையே கெடுக்குறீங்களே!"

"பழக்கமடா தம்பி, கை தன்ர பாட்டில நீண்டிட்டுது. பசியோட நிக்கிறவனைப் பாத்துக்கொண்டு தின்ன எனக்கு ஏலாது."

"எனக்கு நல்லாவே ஏலும். குடுங்க இப்படி."

பிடுங்கி மடியில் வைத்து மூடிவிட்டேன். அந்த மூடி விழுந்த சத்தத்துக்கு முழுப் படிக்கட்டும் திரும்பியது. பளிச்சென்று யோசனை வந்தது. எழுந்து நின்றேன்.

"மாடிக் கூட்டம். தீர்மானம் ஒன்றே ஒன்று. சமையலறைச் சாவி இனி என்னிடம் இருக்கும். ஆதரிக்கிறவர்களுக்குச் சோறு உண்டு."

"இது லஞ்சம்!" என்றான் தலைவன்.

"நான் லேப்ல இருந்தப்ப கூட்டம் போட்டியே, அதுக்குப் பேர் என்ன?"

"கூட்டம்னா விடுதியிலதான் நடக்கணும்."

"மாடியே இங்கதான் உட்கார்ந்திருக்கு, மச்சான்" என்று அவனுடைய அறைத்தோழனே சொன்னான். முதலில் உயர்ந்தது அந்தத் துரோகியின் கைதான். மற்றவை கடகடவென்று எழுந்தன. என் சாவியைப் பறிக்க அன்று தூக்கிய அதே கைகள். எண்ணுவது தலைவன் வேலை. எண்ண வைத்தேன். வாய்விட்டு, சத்தமாக எண்ண வைத்தேன். இடுப்பு வளையத்திலிருந்து சாவியைக் கழற்றி, என் கையில் வைக்காமல் படியில் போட்டான். பசியோ, கோபமோ, எனக்கென்ன.

"ஓட்டு ஓட்டுதான்" என்றேன்.

எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்தேன். வேர்க்கடலையாகப் பொறுக்கிக்கூடக் கொடுத்தேன். கை தூக்காத அவனிடம் வந்தபோது டின்னின் அடியில் வறுத்த மிளகாய் ஒன்று கிடந்தது. அதைக் கொடுத்தேன்.

அண்ணை தன் பங்கில் பாதியை அவன் பக்கம் தள்ளினார். அதற்காகக் கப்பல் கிளம்பும்வரை அவரோடு நான் பேசவில்லை. அவன் அந்தப் பாதியை முடித்து, விரலையும் நக்கியதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பெருங்காயம் இப்போது அவன் கோட்டில் இல்லை, வயிற்றில்.

சமையலறையை உள்ளே பூட்டிக்கொண்டு இதைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கையில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அவன்தான், காப்பி போடவேண்டுமாம். சாவி என் சட்டைப்பையில் இருக்கிறது.