இறக்கமா, இறுக்கமா?

தையலுக்கு முதலில் வேண்டியது காது, கத்தரிக்கோல் அப்புறம்தான் என்று எனக்குச் சொன்னவர், கல்யாணமான புதிதில் கீரப்பாளையத்தில் தையல் சொல்லிக்கொடுத்த மேரி டீச்சர். வருகிறவள் சொல்வதைக் காதில் வாங்கினால்தான் ஜாக்கெட் அவள் உடம்பில் உட்காரும் என்பார். அந்தக் காதைத்தான் புற்றுநோய்க்குப் போட்ட ஊசி மருந்து கொண்டுபோய்விட்டது. உயிரை விட்டுவைத்த அம்மனுக்குக் கோடி கும்பிடு. ஆனால் பாதிதான் கேட்கிறது, சட்டென்று திரும்பினால் தலை சுற்றுகிறது. கடலூரில் இருக்கும் என் மகன், "ஆடி வரைக்கும் பாருங்கம்மா. ஆர்டர் வரலன்னா சிதம்பரம் கடைய மூடிட்டு எங்கூட வந்துடணும்" என்று கெடு வைத்துவிட்டான். தையல் மிஷினை விட்டுவிட்டு அங்கே போய் நான் என்ன செய்வேன்? சீரியல்கூடக் காதில் விழாதே.

கழுத்து

உங்களில் காது மந்தமானவர்களுக்கு இந்தப் பழக்கம் இருக்கும்: கேட்காவிட்டாலும் தலையாட்டிவிடுவது. அண்ணாமலை நகர் விடுதிப் பெண் ஒருத்தி கழுத்தைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னாள். எனக்கு 'இறுக்கமா' என்று விழுந்தது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு அடக்கமான பிள்ளையா என்று வாழ்த்திக்கொண்டே தைத்தேன். அவள் கேட்டதோ 'இறக்கமா'. போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று எச்சிலை விழுங்கிப் பார்த்தாள்.

"சூப்பர்க்கா. இதப் போட்டா ஒரு இட்லிக்கு மேல எறங்காது, டயட்டுக்கு நல்லது."

காது வந்த நாள்

மகள் அடம்பிடித்துக் காது மிஷின் வாங்கி மாட்டிவிட்டாள். அதை மாட்டிக்கொண்டு தையல் மிஷினை மிதித்தால் காதுக்குள் ரயில் ஓடுகிறது. முதல் நாளே, ஓரகத்திகள் இருவர் துணியோடு வந்து என் எதிரிலேயே பேசிக்கொண்டார்கள். "பாவம், அவுங்களுக்குக் கேக்காது. அடுத்தத பஸ் ஸ்டாண்டு பக்கம் புதுசா வந்திருக்கிற பொண்ணுகிட்ட குடுத்துடலாம்."

இப்படித்தான் ஒவ்வொருத்தராகப் போகிறார்களா? நூலை அறுத்துவிட்டு மெதுவாகச் சொன்னேன்: "குடுங்கம்மா, அது நல்லாத்தான் தைக்கும். கொக்கிக்கு மட்டும் இங்க கொண்டாங்க, அது வச்சா நிக்காது." மூத்தவள் பையைக் கீழே போட்டாள்.

"அய்யய்யோ, அக்காவுக்குக் காது வந்துட்டுது!"

அருள்வாக்கு

ஆடி வெள்ளி. தலைக்குக் குளித்ததால் காது மிஷினைக் கழற்றி வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன். கடை நிலைக்கணும் தாயே என்று வேண்டிக்கொண்டு, பழக்க தோஷத்தில் நின்ற இடத்திலேயே சுற்றிக் கும்பிட்டேன். நான் நின்றுவிட்டேன், கோயில் நிற்கவில்லை. தூணைக் கட்டிக்கொண்டு, "அம்மா! அம்மா!" என்றேன். அவ்வளவுதான். சாமி வந்துவிட்டதென்று தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, வாயில் வேப்பிலையைத் திணித்துவிட்டார்கள்.

என் வாடிக்கைக்காரி கோமதி காலில் விழுந்தாள். "எம் பொண்ணுக்கு எப்ப முடியும் தாயே?" அவள் பெண்ணின் ஜாக்கெட் என் கடையில் தைக்காமல் கிடந்தது. "ஆடி கழியட்டும்மா, கண்டிப்பா முடிச்சித் தரேன்" என்றேன். அவள் கேட்டது கல்யாணத்தை என்று எனக்கு எப்படித் தெரியும்? கூட்டமே கன்னத்தில் போட்டுக்கொண்டது. பின்னாலிருந்து ஒரு பெரியவர் மட்டும், எனக்கே கேட்கிற அளவுக்கு உரக்கச் சந்தேகப்பட்டார்.

"சாமி பேசறது நம்ம டைலரம்மா மாதிரியே இருக்குதே!"

ஆவணி

கோமதி கல்யாணப் பட்டோடு வந்தாள். பின்னால் அவள் நாத்தனார்கள், ஆளுக்கொரு பையோடு. வரன் முடிந்துவிட்டதாம். எனக்கு மனசு உறுத்தியது. "அது சாமி இல்ல கோமதி, தலைசுத்தல். நான் சொன்னது உம் பொண்ணு ஜாக்கெட்டுக்கு" என்றேன். அவள் அசரவே இல்லை.

"சாமியோ தலசுத்தலோ, சொன்னா மாதிரி முடிச்சிக் குடுத்த மொத டைலர் நீங்கதாங்க்கா."

அந்த வாரம் கடலூரிலிருந்து வந்த மகன், துணி மூட்டைகளைப் பார்த்துவிட்டுக் கடையை மூடுவதைப் பற்றி வாயே திறக்கவில்லை. திறந்தானோ என்னவோ, எனக்குக் கேட்கவில்லை.

கடைக்கு வந்தால் கத்த வேண்டாம், என் முகத்தைப் பார்த்து அளவு சொல்லுங்கள், போதும்.