செம்புக் காசின் மேல் ஒரு கட்டைவிரல்

தெருவில் அவளுக்குப் பெயர் பூதக்கண்ணாடி. நேரில் 'அக்கா' என்பார்கள். நாலு எட்டு தாண்டியதும் 'பூதம் போகுது பாரு' என்பார்கள். அவளுக்கும் தெரியும். "பூதம்னா ஒரு பயமாவது இருக்கும், இருந்துட்டுப் போகட்டும்" என்று விட்டுவிட்டாள்.

பழங்காசு வாங்கி விற்கும் கடையில் காசு பார்த்துச் சொல்வது அவள் வேலை. இதென்ன பெரிய வேலை என்று கேட்டுவிடாதீர்கள், அவள் காதில் விழுந்தால் தொலைந்தீர்கள். ஜன்னலோரம் ஒரு மேசை, இஷ்டத்துக்கு வளைகிற விளக்கு, மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு லென்ஸ். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும். விவரம் தெரியாதவர்கள் லென்ஸைக் காசுக்கு மேலே பிடித்துக்கொண்டு கொக்கு மாதிரி குனிவார்கள். அவளோ லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, காசைக் கண்ணிடம் கொண்டுவருவாள். விளிம்பை மட்டும் இரண்டு விரலால் பிடித்து வெளிச்சத்தில் மெல்லச் சாய்ப்பாள். பொடிப்பொடியாகக் குழி தெரிந்தால் உருக்கி வார்த்த போலி. மயிரிழை மயிரிழையாகக் கீறல் ஓடினால் யாரோ தேய்த்துப் பளபளப்பாக்கியிருக்கிறார்கள்; தேய்த்த காசுக்கு மதிப்பில்லை.

"தேய்ச்சீங்களா?" என்பாள்.

"ஐயோ, இல்லவே இல்ல மேடம்!"

"காசே சொல்லுது. நீங்க எதுக்குச் சிரமப்படுறீங்க?" என்று திருப்பிக் கொடுத்துவிடுவாள். அவள் வாய்க்குப் பயந்தே கடைக்குப் போலி வருவது குறைந்துவிட்டது என்று முதலாளியே சொல்வார்.

ஊரார் காசையெல்லாம் பார்த்தவளுக்குச் சொந்தமாக இருந்தது ஒரே ஒரு செம்புக் காசு. செம்பு பொல்லாதது. கை பட்டாலும் கறுக்கும், காற்றுப் பட்டாலும் கறுக்கும். அச்சடித்த அன்று இருந்த சிவப்பு இத்தனை காலமாகியும் குறையாமல் இருந்தது அந்தக் காசில். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கினாள். மரவேலை செய்யும் அவள் புருஷன், பட்டறையில் மிஞ்சிய பலகையில் அதற்கொரு பெட்டி செய்து, உள்ளே துணி ஒட்டிக் கொடுத்தார். அவருடைய கட்டைவிரலில் எப்போதோ உளி பாய்ந்து ஆறிய தழும்பு ஒன்று குறுக்கே ஓடும். உழைத்த கை. எதைத் தொட்டாலும் அழுத்தித்தான் தொடும்.

ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் வந்திருந்தார். அவள் அடுப்படியில் இருந்தாள். மனுஷனுக்குப் பெருமை தாங்கவில்லை. பெட்டியைத் திறந்து, "பாருங்க, எங்க வீட்டம்மா வாங்குனது. எப்படி ஜொலிக்குது பாத்தீங்களா?" என்று காசை எடுத்துக் காட்டினார். எடுத்தது எப்படி? கட்டைவிரலைக் காசின் முகத்தில் அப்படியே வைத்து அமுக்கி.

வந்தாள் பாருங்கள் அடுப்படியிலிருந்து!

"உங்களுக்கு அறிவிருக்கா? மரக்கட்டையத் தொடுற கையால இதையும் தொட்டுத் தொலைச்சீங்களே! ரேகை விழுந்தா காசு செத்துப்போச்சுன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்? இனிமே என் சாமான் பக்கம் உங்க கை நீண்டுச்சு, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்!"

எலக்ட்ரீஷியன் செருப்பைத் தேடிக்கொண்டு நழுவிவிட்டார். "தெரியாமப் பண்ணிட்டேம்மா" என்றார் புருஷன். திருப்பிக் கத்தியிருந்தால் தேவலை.

அதற்குப் பிறகு, வீட்டில் அவள் காசு பார்க்கும் மேசைப் பக்கம் வந்தாலே அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். கோபத்தில் அல்ல, அதுதான் கொடுமை. நிஜமாகவே பயந்து. ஒரு நாள் அவளே மனசு கேட்காமல், "இந்தாங்க, இந்தக் காசுல குதிர எவ்ளோ அழகா இருக்கு பாருங்க" என்று லென்ஸை நீட்டினாள். "நீயே பிடிச்சுக்கோம்மா, நான் குனிஞ்சு பாத்துக்கறேன்" என்றார். கை பின்னாலேயே இருந்தது. அவளுக்குச் சுருக்கென்றது. நாளைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள். அதைப் பார்த்து அவர்கள் மகளும் அந்த மேசை முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பாள்.

கைரேகை உடனே தெரிந்துவிடாது. விரலின் ஈரம் செம்பை மெல்ல மெல்ல அரித்து, மாதக்கணக்கு ஆன பிறகுதான் மேலே வரும். அது வந்தபோது அவர் இல்லை. பட்டறையில் பலகையை இழைத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, ஒரு நாள் அவள் பெட்டியைத் திறந்து லென்ஸைக் கண்ணில் வைத்தாள். சிவப்பின் மேல் பழுப்பாக ஒரு கட்டைவிரல். சுழிசுழியாக ரேகை. குறுக்கே, தழும்பு இருந்த இடம் மட்டும் ஒரு கோடாக வெறுமையாய்.

"வந்துட்டீங்களா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

அன்றிலிருந்து வேலை விட்டு வந்ததும் முகம்கூடக் கழுவமாட்டாள். நேரே மேசைதான். சுவரில் அவர் படம் இருந்தது. ஆனால் அது ஸ்டுடியோக்காரன் திருத்தி அழகாக்கிய முகம். இது அவரே தொட்டது. "மன்னிச்சிருங்க" என்பாள் காசைப் பார்த்து. கண் நிறைந்து லென்ஸில் ஒன்றும் தெரியாமல் போகும். துடைத்துவிட்டு மறுபடி பார்ப்பாள்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள் இதையெல்லாம் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். எதற்கு அழுகிறாய் என்று கேட்கவில்லை. அந்த வீட்டில் அதைக் கேட்கவும் வேண்டுமா? காசு கெட்டுப்போனதற்கு அழுகிறாள். அப்பா செத்த பிறகும் அம்மாவுக்கு அந்தக் கோபம் தீரவில்லை. அப்படித்தான் அவள் நினைத்தாள், பாவம். நினைக்க நினைக்க அவளுக்கு ஆறவில்லை. காசு சுத்தம் செய்கிறவர் ஒருவரைத் தேடிப் பிடித்தாள். அம்மாவுக்குத் தெரியாமல் கொடுத்து வாங்கிவந்து, பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

"அம்மா, லென்ஸ எடு. எடுத்துப் பாரேன்!"

பார்த்தாள். உரித்த தோல் மாதிரி வெளிறிய ஒரு சிவப்பு. விளக்கைச் சாய்த்தாள். காசைத் திருப்பினாள். எழுத்துகளின் இடுக்கு, விளிம்பு, ஓரம் என்று அங்குலம் அங்குலமாகத் தேடினாள். பாதி ரேகையாவது, தழும்பின் ஒரு நுனியாவது ஒட்டிக்கொண்டிருக்காதா? இல்லை. ஒன்றுமே இல்லை.

"அப்பா தெரியாமப் பண்ணதும்மா" என்றாள் மகள். "அதான் நான் எடுத்துட்டேன். இனிமே அவர் மேல கோவம் இல்லைல்ல?"

கத்தல் கிளம்பிவிட்டது. உனக்கு அறிவிருக்கா என்று தொடங்கி, அதே வார்த்தைகள் வரிசை மாறாமல் தொண்டைவரை வந்துவிட்டன. நிமிர்ந்தாள். மகள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"அவர் மேல எனக்கு என்னடி கோவம்?" என்றாள். எது அழிந்துபோயிற்று என்று சொல்லவில்லை. இனிமேலும் சொல்லமாட்டாள்.

"கையக் கொண்டா."

"எதுக்கு?"

"கொண்டாடி!"

பின்னாலிருந்த கையை இழுத்தாள். மகளின் கட்டைவிரலைக் காசின் முகத்தில் வைத்துத் தன் கையால் அழுத்தினாள்.

"ஐயோ அம்மா, என்ன பண்ற! ரேகை விழும்!"

"விழட்டும்."

அழுத்திய விரலை விடாமல் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். "காசு செத்துப்போயிடும்மா, விடும்மா" என்று சொல்லிக்கொண்டே, ஒன்றும் புரியாமல் மகளும் அழுதாள்.