பூஜ்யத்துக்கு வராத ஏழு

ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் வாங்கிய பூஜ்யத்தை ஜான்சி யாரிடமும் மறைத்ததில்லை. அதோடு பள்ளிக்கூடத்துக்கும் அவளுக்கும் உறவு முடிந்தது. ராயப்பேட்டையில் ஒரு லிஃப்ட் பட்டறையில் திருப்புளி பிடித்தவள், முப்பத்தெட்டு வயதில் தி.நகரில் பதினொரு பழைய லிஃப்டுகளைத் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறாள். அதில் ஒன்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கைவிட்டுப் போகவிருந்தது.

போகச்செய்யப் பார்த்தவர் மூன்றாம் மாடி ஆம்ப்ரோஸ். ரிட்டயரான கணக்கு வாத்தியார், குடியிருப்புச் சங்கச் செயலாளர். நல்லவேளை, ஜான்சிக்குப் பாடம் எடுத்தவர் இல்லை. எடுத்திருந்தால் அவள் எட்டாவதையே தாண்டியிருக்க மாட்டாள்.

செவ்வாய்க்கிழமை அவர் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே லிஃப்டில் நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்டார். உள்ளேயிருந்து புனிதர்களை எல்லாம் வரிசையாகக் கூப்பிட்டு, கடைசியில் ஜான்சியையும் கூப்பிட்டார். வந்து பார்த்தால், கதவுப் பூட்டின் கரண்ட் முனையில் பிசுபிசுவென்று என்னவோ அப்பியிருந்தது. தேங்காய் எண்ணெய் வாசனை. துடைத்தாள், லிஃப்ட் ஓடியது. வெளியே வந்தவர் சொன்ன முதல் வார்த்தை: "நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கா?"

ஞாயிறு பதினோரு மணிக்குச் சங்கக் கூட்டம். ஜான்சியை நிறுத்திவிட்டு, யூனிஃபார்ம் போட்ட கம்பெனி ஆட்களைக் கொண்டுவருவதாகப் பேச்சு. அன்று ஒன்பது மணிக்கே அவள் வந்துவிட்டாள். கார் நிறுத்துமிடத்தில் ஆம்ப்ரோஸ் தன் பின்பால் விளையாட்டு மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளப்பை மூடியபோது வாங்கி வந்தது. கண்ணாடிக்கு அடியில் இரும்புக் குண்டு உருளும், மணி அடிக்கும், மேலே நாலு எண் சக்கரங்கள் புள்ளி காட்டும். புது ஆட்டத்துக்குப் பட்டனை அழுத்தினால் நாலும் பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டும். நூறாம் இடத்துச் சக்கரம் ஏழைவிட்டு அசையவில்லை. மோட்டார் மட்டும் கடகடவென்று நிற்காமல் ஓடியது.

ஜான்சி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "இன்னா சார், உள்ள பூரா ரிலே சுவிட்ச். நம்ம லிஃப்ட்லயும் இதான் கீது."

"ஓகோ! அப்ப பதினோரு மணிக்குள்ள இதை ஓட வை. ஓடினா லிஃப்ட் உன்கிட்டயே இருக்கட்டும்னு நானே கூட்டத்துல சொல்றேன். இல்லைன்னா லிஃப்ட் மெஷின் ரூம் சாவியை வெச்சுட்டுக் கிளம்பு."

"ஹாஜிரா பீ, கேட்டுக்கினீங்களா?"

"நல்லா கேட்டேன்டி," என்றார் தரைத்தள வாசலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த ஹாஜிரா பீ.

ஆம்ப்ரோஸ் நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்தார். பரீட்சை ஹாலில் மேற்பார்வை பார்க்கிற அதே முகம்.

ஜான்சி பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்பலகையைக் கழற்றினாள். ஏழில் நின்ற சக்கரத்தின் அச்சில் எண்ணெய் பிசினாகி இறுகியிருந்தது.

"யார் சார் இதுக்கு எண்ணெய் ஊத்தினது?"

"நான்தான். வருஷா வருஷம் ஈஸ்டருக்கு."

"தலைக்குத் தடவறதைக் கொண்டாந்து மெஷினுக்கு ஊத்திக்கீறீங்களே!"

"வேலையைப் பாரு."

ஸ்பிரிட் தொட்டுத் துடைத்ததும் சக்கரம் விரலுக்குச் சுழன்றது. அதோடு விட்டிருந்தால் காபி குடிக்கப் போயிருக்கலாம். பக்கத்தில் பத்தாம் இடத்துச் சக்கரத்தின் பின்னால் இரண்டு பித்தளைத் தகடுகள் ஒன்றையொன்று தொடாமல் விலகி நின்றன. லிஃப்ட்காரிக்கு அது பொறுக்குமா? லிஃப்டில் முனைகள் விலகியிருந்தால் கதவு திறந்திருக்கிறது என்று அர்த்தம், வண்டி நகராது. குறட்டால் வளைத்து இரண்டையும் சேர்த்துவிட்டாள்.

பிளக்கைச் செருகிப் பட்டனை அழுத்தினாள். ஏழு, எட்டு, ஒன்பது, பூஜ்யம். நூறு நின்றது. ஆனால் அதுவரை ஒழுங்காக இருந்த பத்து கிளம்பிவிட்டது. பூஜ்யத்தைத் தாண்டிச் சுற்றிச் சுற்றி ஓடியது. மோட்டார் நிற்கவில்லை.

ஆம்ப்ரோஸ் கை தட்டினார். "பலே! ஒண்ணைச் சரி பண்ண ஒண்ணைக் கெடுக்கிறே. மணி பத்து நாப்பது. சாவி எங்கே?"

ஜான்சி மறுபடி பிளக்கைப் பிடுங்கி, நூறாம் சக்கரத்தை விரலால் மெல்லத் திருப்பினாள். ஒன்றிலிருந்து ஒன்பது வரை அதன் தகடுகள் ஒட்டியிருந்தன. பூஜ்யம் வந்ததும் விலகின. இன்னொரு முறை. அதே கதை. இங்கே தகடுகள் விலகினால்தான் சக்கரம் வீடு வந்து சேர்ந்துவிட்டது என்று மோட்டாருக்குத் தெரியும். லிஃப்டுக்கு நேர் தலைகீழ். வளைத்ததை நிமிர்த்தினாள்.

"சார், நூறைக் கெடுத்தது உங்க எண்ணெய். பத்தைக் கெடுத்தது நானு."

ஜான்சி ஹாஜிரா பீக்குக் கேட்காதபடி குரலை இறக்கினாள். "லிஃப்ட் பூட்டுலயும் இதே எண்ணெய்தானே?"

அவர் முகம் சுருங்கியது. "கதவு கிறீச்சுங்குது. மத்தியானம் ஜோன் தூங்கறதே ஒரு மணி நேரம்."

ஜோன் அவர் மனைவி. இரண்டு வருடமாகப் படுக்கையில் இருக்கிறவர்.

பதினோரு மணிக்கு எல்லோரும் இறங்கி வந்தார்கள். ஆம்ப்ரோஸ் பட்டனை அழுத்தினார். நாலு சக்கரமும் உருண்டு பூஜ்யத்தில் நின்றன. மோட்டார் அடங்கியது.

"அது சரி, செவ்வாக்கிழமை லிஃப்ட் ஏன் நின்னுச்சு?" என்று கேட்டார் நாலாம் மாடி முருகன்.

ஆம்ப்ரோஸ் தன் செருப்பைப் பார்த்தார். ஜான்சி அவரைப் பார்த்தாள். அவரை நாலு பேர் முன்னால் நிற்கவைக்க இதைவிட நல்ல சமயம் இனி வராது.

"அழுக்கு சார். தொடைச்சுட்டேன்," என்றாள்.

ஆம்ப்ரோஸ் தொண்டையைச் செருமினார். "லிஃப்ட் இவகிட்டயே இருக்கட்டும். வேற வழியில்லை."

மறுநாள் காலை அவர் வீட்டு வாசலில் அவருடைய எண்ணெய் பாட்டில் இருந்தது. பின்பால் மெஷின் பக்கத்தில் இருந்ததை முந்தின நாள் அவள் தன் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தாள். மேலே ஒரு சீட்டு: 'தலைக்கு மட்டும்.' மத்தியானம் அவளுக்குப் போன் வந்தது.

"லிஃப்ட் கதவு பூராவும் கிரீஸ் அப்பி வெச்சிருக்கே! என் வேட்டி போச்சு!"

"கதவு சத்தம் போடுதா சார்?"



"நான் அதையா கேட்டேன்? வேட்டிக்கு என்ன பதில்?" என்றார் ஆம்ப்ரோஸ், குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் யாரோ தூங்குகிற மாதிரி.