மீசையும் இரண்டாம் பாகமும்

எங்கள் பள்ளிக்கூடத்து இயற்பியல் ஆய்வக உதவியாளன் தன் மீசையைப் பந்தயம் வைத்தது ஒரு திங்கட்கிழமை காலையில், முதல் மணி அடிப்பதற்குச் சற்று முன்னால். இடம் பள்ளிக்கு எதிர்த்த டீக்கடை. சாட்சி, டீ மாஸ்டர். நான் அதே மிஷன் பள்ளியில் அலுவலக எழுத்தர். பந்தயம் கட்டியது என்னோடுதான்.

முந்தின நாள்தான் இருவரும் சேர்ந்து அந்த விஞ்ஞானப் படத்தைப் பார்த்திருந்தோம். கடலுக்கு அடியிலிருந்து ஓர் உருண்டைக் கப்பல் மேலே வரும். மீனவன் ஒருவன் அதற்குள் ஏறிப் பார்ப்பான். கதவு மூடிக்கொள்ளும். கப்பல் வானத்துக்குப் போய்விடும். கரையில் அவன் அம்மா சோற்றுத் தூக்கோடு அண்ணாந்து பார்த்தபடி நிற்பாள். அவ்வளவுதான். முதல் பாகம் முடிந்தது என்று போட்டு, விளக்கைப் போட்டுவிட்டார்கள். நான் வெறும் திரையையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவனோ வாசல் வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தான்.

“ஒத்தை பல்பை எரியவைக்க நான் ஆறு வயரை ஒட்ட வேண்டியிருக்கு மாப்ள. இவன் ஒரு ப்ளக் பாயிண்ட் இல்லாம ஆகாசத்துக்குக் கெளம்பிட்டான்!”

“அதெல்லாம் ரெண்டாம் பாகத்துல சொல்லுவாங்கய்யா.”

“ரெண்டாம் பாகமா? கதை தெரியாமத்தான் கதவச் சாத்திட்டான். அது வரவே வராது. வந்துச்சுன்னா இந்த மீசைய எடுத்துர்றேன்.”

மீசை என்றால் சும்மா மீசை இல்லை. நுனி இரண்டும் மேலே பார்க்கிற முறுக்கு மீசை. ஆய்வகத்தில் சோதனைக் குழாய் உடைந்தால் பிள்ளைகள் அந்த மீசையைப் பார்த்துத்தான் பயப்படுவார்கள். ஆள் என்னவோ பஞ்சு. டீ மாஸ்டர் கிளாஸைக் கழுவிக்கொண்டே “கேட்டுக்கிட்டேன்” என்றார். எந்த வருஷத்துக்குள் வர வேண்டும் என்று கெடு வைக்க மூன்று பேருக்குமே தோன்றவில்லை. கெடு இல்லாத பந்தயத்தில் நான் தோற்கவே முடியாது, அவன் ஜெயிக்கவே முடியாது என்பது அவனுக்கு உறைக்க நாலைந்து வருஷம் ஆயிற்று.

படம் வரவில்லை. தீபாவளிக்கு என்றார்கள், பொங்கலுக்கு என்றார்கள். தயாரிப்பாளருக்கும் இயக்குநருக்கும் வழக்கு என்றார்கள். கதாநாயகனுக்கு முதுகுவலி, கப்பலின் கிராபிக்ஸ் சரியில்லை என்று முதலிலிருந்து செய்கிறார்கள், அப்புறம் கொரோனா. ஒவ்வொரு செய்தியையும் நான் அவன் போனுக்கு அனுப்புவேன். பதிலுக்கு ஒரு வார்த்தை எழுதமாட்டான். தன் மீசையை மட்டும் படம் பிடித்து அனுப்புவான். என் போனில் அந்த மீசை முப்பது நாற்பது இருக்கும். கறுப்பிலிருந்து அது நரைத்த கதையை வரிசையாகப் பார்க்கலாம்.

எனக்கு ஜனங்கள் பேசுவதைக் கேட்டால் போதும், சாப்பாடுகூட வேண்டாம். அந்தப் படம் வராமல் இருந்த வருஷங்களில் அதைப் பற்றிக் கேட்ட பேச்சே ஒரு படத்துக்குச் சமம். டீ மாஸ்டர் மாதம் ஒருமுறையாவது விசாரிப்பார்: “என்ன கிளார்க்கு சார், அந்தம்மா இன்னும் சோத்தோடதான் நிக்குதா? ஊசிப்போயிருக்குமேய்யா.” என் மனைவி ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கிளம்பும்போது சொல்வாள்: “ஆண்டவரோட ரெண்டாம் வருகைக்கே வாய மூடிக்கிட்டுக் காத்துக்கிட்டு இருக்கோம். ஒரு ரெண்டாம் பாகத்துக்கு இம்புட்டுப் பொலம்பலா?”

பதிமூன்று வருஷம் இப்படியே ஓடியது. அவன் மூத்த மகளுக்குக் கல்யாணம் முடிவானது. பெண் நர்ஸ். மாப்பிள்ளை வீடு திருநகர். ஆவணியில் ஒரு ஞாயிறைக் குறிக்க அவர்களுக்கு இரண்டு மாதம் பிடித்தது. ஜோசியரைப் பார்த்தார்கள், மண்டபம் காலியா என்று பார்த்தார்கள், பெண்ணுக்கு ஆஸ்பத்திரியில் லீவு உண்டா என்று பார்த்தார்கள், சோழவந்தானில் மாப்பிள்ளை வீட்டாரின் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிற நாளைக்கூடப் பார்த்தார்கள். பத்திரிகை அச்சடித்து வந்த மறுவாரம் இரண்டாம் பாகத்தின் வெளியீட்டுத் தேதியை அறிவித்தார்கள். கல்யாணத்துக்கு ஒன்பது நாள் முன்னால், வெள்ளிக்கிழமை.

அந்தச் செய்தியையும் வழக்கம்போல் அனுப்பினேன். மீசை வரவில்லை. அப்போதுதான் கல்யாணத்துக்கு இருக்கிற நாளை விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்.

எங்கள் பக்கத்தில் மீசை வைத்த ஆள் திடீரென்று மழித்த முகத்தோடு வந்தால், யாரும் ஏன் என்று கேட்பதில்லை, யார் என்றுதான் கேட்பார்கள். தகப்பனோ தாயோ போய்விட்டார்கள் என்று அர்த்தம். பெண்ணைத் தாரை வார்க்கிற தகப்பன் அந்த முகத்தோடு மணமேடையில் நின்றால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்? இவனோ சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் கிறுக்கன். ஒரு தடவை டிரைவரோடு சண்டை போட்டு, இனி பள்ளி வேனில் ஏறமாட்டேன் என்று சொன்னவன், டிரைவர் மாறி, வேனே மாறிய பிறகும் பஸ்ஸில்தான் வருகிறான்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் அவன் மனைவி கோச்சடையில் இருக்கிற என் வீட்டுக்கே வந்துவிட்டது. கையில் பத்திரிகை, கண்ணில் தண்ணீர்.

“அண்ணே, நீங்க கட்டுன பந்தயத்த நீங்களே அவுத்து விட்டுருங்க. எங்க அத்தை கல்லு மாதிரி உசுரோட இருக்கு. அது முன்னாடி இவுக மீசையில்லாம போய் நின்னா, ‘நான் எப்படா செத்தேன்’னு கேக்காது?”

“நான் சொல்றேன் தங்கச்சி. பந்தயமே இல்லைன்னு சொல்லிர்றேன்.”

“சொல்லிப் பாத்துட்டேன்ணே. ‘கிளார்க்கு மாப்ள விட்டாலும் என் வாய் விடாது’ங்கிறாக.”

அவள் போனபிறகு, வாழ்க்கையில் முதன்முறையாக அந்தப் படம் தள்ளிப்போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். மாதா கோயிலில் முழங்காலில் நின்று வேண்டினேன். மனைவி பக்கத்திலிருந்து கிசுகிசுத்தாள்: “பதிமூணு வருசமா வரணும்னு கேட்டீங்க, இப்ப வரக்கூடாதுன்னு கேக்குறீங்க. ஒரு முடிவா சொல்லுங்க, மேல இருக்கிறவருக்கு ஆயிரம் வேலை.” தினமும் போனைத் திறந்து, எங்காவது ஒரு வழக்கு, ஒரு முதுகுவலி கிடைக்காதா என்று தேடினேன். அந்த வருஷம் பார்த்து ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலைக் காட்சிக்கு இருவரும் லீவு போட்டுவிட்டுப் போனோம். பத்திரிகை வைக்கிற பை அவன் தோளில் தொங்கியது. “வந்தது ரெண்டாம் பாகந்தானான்னு கண்ணால பாக்கணும்ல” என்றான். தியேட்டரில் பாதி நாற்காலி காலி. முன்வரிசையில் இருந்த கல்லூரிப் பையன்கள் முதல் பாகம் வந்தபோது ஒன்றாம் வகுப்பில் இருந்திருப்பார்கள்.

உண்மையைச் சொல்ல வேண்டும், படம் சுமார்தான். கப்பலின் உட்புறம் நகைக்கடை மாதிரி ஜொலித்தது. கதாநாயகனுக்குக் கன்னத்தையெல்லாம் கம்ப்யூட்டரில் இழுத்துப் பிடித்து, மெழுகு பொம்மை ஆக்கியிருந்தார்கள். கப்பல் எதனால் ஓடுகிறது என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. என் பதிமூன்று வருஷம் என் பக்கத்திலேயே உட்கார்ந்து கொட்டாவி விட்டது போல இருந்தது.

கடைசிக் காட்சியில் கப்பல் கரைக்குத் திரும்பியது. அம்மா நின்றிருந்தாள். அதே நடிகைதான். ஆனால் முதல் பாகத்தில் கறுகறுவென்று நிமிர்ந்து நின்ற அம்மாவின் தலை இப்போது முழுக்க வெளுத்திருந்தது. முதுகு வளைந்திருந்தது. கை தானாக நடுங்கியது. அது மேக்கப் இல்லை. வழக்கிலும் முதுகுவலியிலும் போன வருஷங்கள் அந்தம்மாவின் உடம்பில் உண்மையாகவே ஏறியிருந்தன. அவள் மகனின் முகத்தைத் தடவிப் பார்த்தாள்.

பக்கத்தில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. ஆய்வக உதவியாளன் அழுதுகொண்டிருந்தான். பத்திரிகைப் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதான். மகளை அனுப்பப் போகிறவன் அல்லவா. நான் திரையைப் பார்க்கிற மாதிரி இருந்துகொண்டேன்.

வெளியே வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சலூனுக்குப் போவோம் மாப்ள” என்றான்.

“முதல்ல டீ.”

டீக்கடைக்கு இழுத்து வந்தேன். வழியெல்லாம் யோசித்து வைத்ததை மாஸ்டர் முன்னால் எடுத்துவிட்டேன். “இது ரெண்டாம் பாகமே இல்ல மாஸ்டர். பேரு மட்டுந்தான் அது. கதையும் இல்ல, கப்பலும் இல்ல. இதுக்குப் போயா மீசைய எடுக்கிறது?” பதிமூன்று வருஷம் நெஞ்சில் வைத்துத் தாங்கிய படத்தை நானே பத்து நிமிஷம் கிழிகிழியென்று கிழித்தேன். சொல்லச் சொல்ல எனக்கே வலித்தது.

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. “என்ன படம்யா பாத்த நீ? அந்தம்மா நின்ன நிப்ப எவன் எடுக்க முடியும்? அம்புட்டு வருசத்தையும் சம்பளமில்லாம நடிக்க வச்சிருக்கான்யா!”

“அப்ப கப்பலுக்கு கரண்டு?”

“கரண்டாம் கரண்டு! அதெல்லாமா பாப்பாக?”

மாஸ்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பாலை ஆற்றிக்கொண்டே கேட்டார்:

“சாட்சி நானு. நான் ஒண்ணு கேக்கலாமா? படம் சொன்ன தேதிக்கா வந்துச்சு?”

“எங்க வந்துச்சு? பதிமூணு வருசம்” என்றேன்.

“அம்புட்டுப் பெரிய கம்பெனி பதிமூணு வருசம் தள்ளிப்போட்டுருக்கான், ஒருத்தனும் அவன வாக்குத் தப்புனவன்னு சொல்லல. உன் மீசை ஒரு மாசம் தள்ளிப்போனா குடியா முழுகிப்போகும்? வரும். ஆனா லேட்டா வரும். போய்க் கல்யாண வேலையப் பாருய்யா.”

அவன் யோசிக்கும்போது மீசை நுனியை முறுக்குவான். முறுக்கினான். “அது நியாயந்தான்” என்றான். எனக்குப் போன மூச்சு வந்தது.

கல்யாணம் நன்றாக நடந்தது. மணமேடையில் எண்ணெய் போட்டு மினுக்கிய மீசையோடு நின்றான். தங்கச்சி என் மனைவிக்கு மட்டும் இரண்டு தடவை பாயசம் ஊற்றச் சொன்னது. மறுவீடு முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் திருநகரில் குடியேறி, மூன்றாவது வாரம் திங்கட்கிழமை அவன் பள்ளிக்கு வந்தான். மேலுதடு பளபளவென்று வெளுத்துக் கிடந்தது. எனக்கே ஒரு கணம் யாரோ என்றுதான் இருந்தது.

“உங்கம்மா என்னய்யா சொன்னாக?” என்று கேட்டேன்.

“அதுகிட்ட கேட்டுட்டுத்தான் எடுத்தேன். ‘எடுடா, எனக்காக எடுக்கும்போது நான் பாக்கவா போறேன், இப்பவே பாத்துக்கிறேன்’னு நாற்காலியப் போட்டு எதுக்க உக்காந்துருச்சு.”

சொல்லிவிட்டு வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட உள்ளே போனான். அவன் முகத்தைப் பார்த்ததும் தலைமையாசிரியை சிஸ்டர் எழுந்து நின்றுவிட்டார். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, “யாரு? எப்போ?” என்று மெதுவாகக் கேட்டார்.

“யாருமில்ல சிஸ்டர். ஒரு படம் வந்துருச்சு.”

துக்கத்தில் உளறுகிறான் என்று நினைத்தாரோ என்னவோ, “வேலையை யாராவது பார்த்துக்கொள்வார்கள், நீங்கள் வீட்டுக்குப் போங்கள்” என்று அவரே சொல்லிவிட்டார். இவன் எவ்வளவு விளக்கியும் கேட்கவில்லை.

வெளியே வந்தவன் என் ஜன்னலுக்குள் தலையை நீட்டினான். மீசை இல்லாத வாய் சிரிப்பை மறைக்கத் தெரியாமல் விரிந்து கிடந்தது.

“மாப்ள, மத்தியானக் காட்சி ஒண்ணுதான் இன்னும் ஓடுது. நாளைக்குத் தூக்கிருவான். அரை நாள் லீவு எழுதிக் குடுத்துட்டு வாரியா? அந்தம்மாவ இன்னொரு தடவ பாத்துட்டு வருவோம்.”

நான் லீவுப் படிவத்தைத் தேடி மேசை டிராயரைத் திறந்தேன்.