சபீஹா வைத்த ஜன்னல்

விம்கோ நகரில் ஒரு கோட்டிங் பட்டறை. தேய்ந்துபோன கப்பல் பம்பு தண்டுகளுக்கு செராமிக் பூச்சு அடித்துத் தருவார்கள். செராமிக் தூளை உருக்கிப் பீய்ச்சும் பிளாஸ்மா துப்பாக்கியைப் பதினான்கு வருடமாக அங்கே பிடிப்பவள் தண்டையார்பேட்டை சபீஹா. பெருக்கித் துடைக்க வந்தவள், ஆபரேட்டர் லீவு போட்ட ஒருநாள் துப்பாக்கியை எடுத்தாள். அப்புறம் யார் கேட்டும் கொடுக்கவில்லை.

வாயும் லேசுப்பட்டதல்ல. வெந்து சாகிறோம் என்று முதலாளி பொன்னுரங்கத்தோடு ஒரு மாதம் மல்லுக்கு நின்று, கிழக்குச் சுவரை உடைத்து ஜன்னல் வைக்கச் செய்தவள் அவள்தான். மத்தியானம் ஆனால் அதில் கடற்காற்று பிய்த்துக்கொண்டு வரும். பட்டறையில் அதற்குப் பெயரே சபீஹா காத்து. அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குக் கழுத்து ஓர் அங்குலம் நீளும்.

போன வருடம் செயற்கை இடுப்பு மூட்டு செய்யும் கம்பெனி ஒன்று வந்தது. தொடை எலும்புக்குள் இறக்கும் டைட்டானியம் தண்டுக்கு செராமிக் பூச வேண்டும். எலும்பு அதைப் பற்றிக்கொண்டு வளரும். பூச்சு உரிந்தால் மனுஷனை மறுபடி அறுக்க வேண்டியதுதான். அதனால் தண்டோடு சேர்த்து, சோதனைக்கென்று ஒரு சின்ன உலோக வில்லைக்கும் பூசி, அதன்மேல் பசை போட்டு இரும்புக்கட்டை ஒட்டி, ஏதாவது பிய்யும்வரை மெஷினில் இழுத்துச் சோதிப்பார்கள்.

முதல் தடவை பத்தில் நான்கு உரிந்தன. இரண்டாம் தடவை ஐந்து.

“கப்பல் பம்புக்கு அடிக்கிற கை, உடம்புக்குள்ள போற சாமானுக்குச் சரிவராதுங்க” என்றார் கம்பெனி அதிகாரி, அவள் காதுபடவே. இன்னும் ஒரே ஒரு தடவை பார்ப்போம், இல்லாவிட்டால் விட்டுவிடுவோம் என்று பொன்னுரங்கமும் சொல்லிவிட்டார்.

சபீஹாவுக்கு அவமானத்தில் சோறு இறங்கவில்லை. டிபன் டப்பாவை மூடிவிட்டுத் தன் ஜன்னலோரம் போய்க் கம்பியைப் பிடித்து நின்றாள். கையை எடுத்தால் உள்ளங்கையில் பெயிண்ட் ஏடு ஏடாக ஒட்டியிருந்தது. அடியில் துரு. வைத்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. மேற்குப் பக்கக் கதவு இருபது வருடத்துக் கதவு. பெயிண்ட் அப்படியே இருக்கிறது.

ஓடிப்போய், ஒவ்வொரு வில்லையையும் எப்போது பூசியது என்று எழுதிவைத்த அட்டைகளைப் புரட்டினாள். உரிந்த ஒன்பதும் மத்தியானம் அடித்தவை. காலையில் உதவியாள் டில்லிபாபு துகள் பீய்ச்சி எல்லா உலோகத்தையும் சொரசொரப்பாக்கி வைப்பான், பாதியைப் பூசிவிட்டு எல்லோரும் சாப்பிடப் போவார்கள், வந்து மீதியைப் பூசுவார்கள். அதுவரை அந்த வெற்று உலோகம் எங்கே கிடந்தது? இதே ஜன்னலுக்கு நேரே, உப்பையும் ஈரத்தையும் வாங்கிக்கொண்டு.

“டில்லி, தகரம் எடுத்தாடா. ஜன்னல அடைக்கணும்.”

“இன்னாக்கா பேஜார் பண்றே! காத்து வர்றதே அது ஒண்ணுலதான். நீதானே சண்ட போட்டு வெச்சே?”

“நான்தான் வெச்சேன். நானே மூடுறேன். உனுக்கு இன்னா?”

மூன்றாம் தடவை பத்தையும் புதுமாதிரி செய்தார்கள். ஒன்றைச் சொரசொரப்பாக்கு, ஆறவிடாதே, உடனே பூசு. நடுவில் டீ கிடையாது. மூடிய ஜன்னலுக்குள் வேர்வை வழிய, டில்லிபாபு அவளையும் அவள் வம்சத்தையும் சபித்தபடி வேலை செய்தான். அவள் ஒன்றைக்கூடக் காதில் வாங்கவில்லை.

எட்டாம் நாள் போன் வந்தது. பொன்னுரங்கம் ஸ்பீக்கரில் போட்டார். அதே கம்பெனி அதிகாரிதான் சோதனைக்கூடத்திலிருந்து பேசினார்.

“பத்தும் பிய்ஞ்சிடுச்சுங்க.”

சபீஹா போனைப் பிடுங்கினாள். “எங்க பிய்ஞ்சுது? பூச்சுலயா, பசையிலயா?”

“பசையிலதாம்மா. பத்துலயும் பசைதான் கிழிஞ்சுது. உங்க பூச்சு அசையவே இல்ல. இதவிட ஸ்ட்ராங்கான பசை எங்ககிட்ட கிடையாது.”

“அந்தக் கைதாங்க அடிச்சுது, சார்” என்றாள் அவள். “கப்பல் பம்பு கை.”

டில்லிபாபு அடித்த விசிலில் பக்கத்துப் பட்டறைக்காரர்களே ஓடி வந்தார்கள். சபீஹா சிரித்தாள், முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், மறுபடி சிரித்தாள்.

அடுத்த வாரம் கொத்தனார் வந்து ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார். முதல் கல்லை வைத்தது சபீஹா. வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு முதலாளியைப் பார்த்தாள்.

“ஜன்னல மூடியாச்சு மொதலாளி. ஏசி எப்ப வருது?”